ராசாவுக்கு மூண்டு

அதில இராதையும். அது நவரத்தினத்தின்ர கதிரை. பக்கத்தில இருக்கிறது செபஸ்தியன்ர, இது என்ர. வாச்சர் வேலை கேட்டு வந்த ஆள் கொஞ்ச நேரம் நிண்டு கதைச்சாக் குறைஞ்சுபோக மாட்டீர்.

பேர் என்ன சொன்னீர்? புஷ்பராஜ். ம். வடிவான பேர்தான், ஆனா கேற்றடியில நிக்கிற ஆளை நான் ராஜ் எண்டு கூப்பிட மாட்டன். புஷ்பம் எண்டு கூப்பிடுறன். சரிதானே? சரி எண்டுறீர். நல்லது, சண்டைக்கு நிக்கிற ஆள் இல்லை.

நான் சிவபாதசுந்தரம். இந்த ஃபிளட் கொமிட்டியின்ர தலைவர். முதலாம் மாடியில இருக்கிறன். ஹாபரில கணக்குப் பகுதியில இருந்து பென்சன் எடுத்தனான். ஐயா எண்டு கூப்பிட்டாக் காணும், மாத்தயா வேண்டாம். ஊர் எங்கை, பண்டாரவளையோ? டவுனோ, தோட்டமோ? தோட்டம். உதைச் சொல்ல ஏன் நிலத்தைப் பாக்கிறீர்? அழகரும் உங்கட பக்கத்து ஆள்தான், ஹட்டனுக்கு அங்கால. அவனும் முதல் நாள் உப்பிடித்தான் நிலத்தைப் பாத்துக்கொண்டு வந்து நிண்டவன்.

ஆரோ? உமக்கு முந்தி இஞ்சை இருந்த வாச்சர். ஏன் போனவன் எண்டு கேக்கிறீர். கேளும், கேக்கத்தான் வேணும். மூண்டாம் மாடி அன்னபாக்கியம் ரீச்சரைக் கேட்டா ஒரு கதை சொல்லுவா. குப்பை எடுக்க வாற சீனியம்மா வேற கதை சொல்லுவாள். ரெண்டையும் காதில விழுத்தாதையும். அவன் களவுக்குப் போனவன். பொலிஸ் வரைக்கும் போன விசயம்.

என்ன எடுத்தவனோ? ஒரு காட்ஸ் கட்டு.

சிரியாதையும். புறக்கோட்டையில பேவ்மென்ற்றில விக்கிற கட்டு இல்லை அது. என்ர மகள் மிதுனா வரைஞ்சு செய்தது. முதல் பரிசு வாங்கின சாமான்.

பொறும், கோச்சி போகட்டும்.

உந்த றெயில் சத்தத்துக்கு நீர் பழகோணும். இஞ்சை கடற்கரைப் பக்கம் கோச்சி வந்தா எல்லாரும் வாயை மூடுவம், போனாப் பிறகு விட்ட இடத்தில இருந்து கதைப்பம். வெள்ளவத்தையில ஒரு புருசன் பெண்சாதி சண்டையும் ஒரேயடியா நடந்து முடிஞ்சதில்லை.

எங்கை விட்டனான்? காட்ஸ். எங்கட பின்னேரங்கள் இப்பிடித்தான். வெய்யில் தணிய, கார் நிப்பாட்டுற இந்த இடத்தில மேசையைப் போட்டு முன்னூத்திநாலு விளையாடுவம். அதுக்கு நாலு பேர் வேணும். எங்கட நாலாவது ஆள் மகனிட்ட ஸ்காபரோவுக்குப் போட்டார், மூண்டு பேர் மிஞ்சினம். மூண்டு பேர் மேசையைச் சுத்தி இருந்து என்ன செய்யிறது, தேவாரமோ பாடுறது? கேற்றடியில சும்மா நிண்ட அழகரைக் கூப்பிட்டம். பெரிய விளையாட்டுக்காரன் எண்டில்லை. தோட்டத்து லயத்து வீடுகளில விளையாடிப் பழகினவன், தாளை ஓங்கி அடிப்பான். ஒவ்வொரு அடிக்கும் மேசை கிடுகிடுக்கும். செபஸ்தியன் தேத்தண்ணிக் கோப்பையை ஒரு கையில தூக்கிப் பிடிச்சுக்கொண்டுதான் விளையாடுறது.

கதிரையோ? இல்லை, அவன் பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதில இருப்பான். வாளியில இரு எண்டு நாங்கள் சொல்லேல்லை. கதிரையில இரு எண்டும் சொல்லேல்லை. விளையாடி முடிய மேசையை மடக்கி, வாளியை நிமித்தி, காட்ஸ் கட்டைத் தன்ர அறைக்குள்ள கொண்டுபோய் வைக்கிறது அவன்ர வேலை. இதை ஞாபகத்தில வைச்சிரும்.

என்ர பிள்ளை நுகேகொடையில ஒரு இடத்தில டிசைன் படிச்சவள். கடைசி வருசம் ஒரு புரொஜெக்ட் செய்யோணும். மற்றப் பிள்ளையள் தேயிலைப் பெட்டி, சாப்பாட்டுக் கடை மெனு எண்டு செய்ய, இவள் முன்னூத்திநாலுக்கெண்டு ஒரு காட்ஸ் கட்டு செய்யப்போறன் எண்டாள். ரெண்டில இருந்து ஆறு வரைக்கும் எங்கட விளையாட்டுக்குத் தேவையில்லை, எடுத்து எறிஞ்சிடுவம். மிச்சம் முப்பத்திரண்டு தாள். ஒவ்வொரு தாளிலையும் இந்த ஃபிளட்டோட சம்பந்தப்பட்ட ஒரு ஆள். முதலாம் மாடிக்குக் கறுப்பு ஸ்கோப்பன், ரெண்டாம் மாடிக்குச் சிவப்பு ஆட்டின் எண்டு நாலு சாதித் தாளையும் மாடி மாடியாப் பிரிச்சாள். நாலு ராசாவும் கொமிட்டி ஆக்கள். ஜே எண்டு எழுதியிருக்கிற நாலு ஜக்கும் இஞ்சை வேலை செய்யிற ஆக்கள். சீனியம்மா ஒரு ஜக், காஸ் சிலிண்டர் கொண்டு வாறவன் ஒரு ஜக், பிள்ளையளைப் பள்ளிக்கூடம் ஏத்துற த்ரீவீல்காரன் ஒரு ஜக். ஸ்கோப்பன் ஜக் அழகர், கையில டோர்ச்சோட.

பின்னேரத்தில எங்களுக்குப் பக்கத்தில இருந்து கீறிக்கொண்டே இருப்பாள். நவரத்தினத்தைக் குடையை ஊண்டி நிக்கச் சொன்னாள். தாயைத் தேங்காய் திருவலையில இருத்தி ஒன்பதில போட்டாள். என்னை மினிட்ஸ் புத்தகத்தோட இருத்தி வரைஞ்சுபோட்டுத் தலையில ஒரு கிரீடம் வைச்சாள். ஸ்கோப்பன் ராசா.

அடிச்சது கொட்டாஞ்சேனையில, செபஸ்தியன்ர மச்சான்ர பிரஸ்ஸில. முதல் அடிச்ச சாம்பிள் பளபளவெண்டு கண்ணாடி மாதிரி இருந்தது. கொண்டுவந்து ரெண்டு நாளில கடல் காத்துக்குத் தாளோட தாள் ஒட்டிப்போச்சு, குலுக்க ஏலாது. குப்பையில போடு எண்டன். பிறகு மினுக்கம் இல்லாத மட்டையில திருப்பி அடிச்சவை, ஒரே ஒரு கட்டு. தாளின்ர மூலையெல்லாம் இவளே இருந்து வட்டமா வெட்டினவள். விரலெல்லாம் கொப்புளம்.

இனித்தான் விசயம். நான் முப்பது வருசமா விளையாடுறவன். ஜக் முப்பது, ஒன்பதுக்கு இருவது, ஆஸ் பதினொண்டு, பத்துக்குப் பத்து, ராசாவுக்கு மூண்டு, ராணிக்கு ரெண்டு. நித்திரையில எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவன். தலையாட்டுறீர், உமக்கும் தெரியும் போல. அதைப் பிறகு பாப்பம். ஆனா கிரீடத்தோட என்ர முகத்தைக் கண்ட உடன எனக்கு உந்த மூண்டு மனசில வரவே இல்லை. படத்தைப் பெரிசாக்கி ஃபிரேம் போட்டு ஹோலில மாட்டினன். ரொறொன்ரோவில இருக்கிற தம்பிக்கு வட்ஸ்அப்பில அனுப்பினன். அண்ணை வடிவா இருக்கு, ஆனா ராசாவுக்கு மூண்டுதானே எண்டு பதில் போட்டான். சின்னனில இருந்தே எரிச்சல் பிடிச்சவன், அதுதான் சொல்லுறான் எண்டு விட்டிட்டன்.

எக்ஸிபிஷன் பொரளைப் பக்கம் ஒரு ஹோலில. ஃபிளட் ஆக்கள் எல்லாம் வான் பிடிச்சுப் போனம். அழகரோ? கேற்றுக்கு ஆள் வேணுமே. அவனை நிப்பாட்டிப்போட்டுத்தான் போனது. பரிசு குடுக்க வந்த மனுசி மைக்கைப் பிடிச்சுக்கொண்டு மிதுனாவிட்டக் கேட்டா, ஏன் பிள்ளை வாச்சரை ஜக்கில போட்டனீர் எண்டு. இவள் சொல்லுறாள், மற்றக் காட்ஸ் விளையாட்டில ராசா பெரிசு, ஜக் அவற்ற வேலைக்காரன். எங்கட விளையாட்டில வேலைக்காரன் முப்பது, ராசா மூண்டு. எங்கட ஃபிளட்டும் அப்பிடித்தான், அழகர் ஒரு நாள் இல்லாட்டித் தண்ணி வராது, அப்பா ஒரு மாசம் இல்லாட்டி ஒருத்தருக்கும் தெரியவராது.

ஹோல் முழுக்கச் சிரிப்பு. எங்கட வான் ஆக்கள்தான் கூடச் சிரிச்சது. நானும் சிரிச்சனான். ஃபோட்டோவைப் பாத்தீரெண்டா எல்லாரையும் விட என்ர பல்லுத்தான் கூடத் தெரியுது.

நவரத்தினமும் செபஸ்தியனும் ராசாதான், அவைக்கும் மூண்டுதான். ஆனா அதுகளுக்குச் சொரணை இல்லை. திரும்பி வரேக்க வானுக்குள்ள, மூண்டு கொஞ்சம் தள்ளி இரும், மூண்டு அந்த யன்னலைத் திறவும் எண்டு ஒருத்தரை ஒருத்தர் பகிடி பண்ணிக்கொண்டு வந்தவை. வீட்டில மனுசி சோத்தைப் போட்டுக்கொண்டு சொல்லுறா, இருவது போடுது, மூண்டு சாப்பிடட்டாம்.

கோவமோ? இல்லை. பிள்ளை படிப்புக்குச் செய்தது, பரிசு வாங்கினது, அதில என்ன கோவம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான்தான் சொன்னனான், புதுக் கட்டில விளையாடுவம் எண்டு. அழகர் எப்பவும் என்ர சோடி. அண்டைக்கு செபஸ்தியன், புதுக் கட்டெண்டாச் சோடியும் புதுசா இருக்கட்டும் எண்டு சீட்டுப் போட்டு மாத்திவிட்டார். அழகர் எனக்கு எதிர்ப் பக்கம். மிதுனா பக்கத்தில நிண்டு ஃபோனில வீடியோ எடுக்கிறாள். மேல பல்கனியில மனுசியும் அன்னபாக்கியம் ரீச்சரும்.

கேள்வி என்ர, கூடக் கேட்டது நான்தான். துரும்பு ஸ்கோப்பன் வைச்சன். நல்ல கை, ஒன்பதும் ஆஸும் என்ர கையில. தாள் தாளாப் போய்க் கடைசித் தாள் வந்திட்டுது. அதைப் பிடிச்சா வெற்றி. என்ர கையில மிஞ்சினது ராசா, நான்தான். வேற தாள் இல்லை, போட்டன். கிரீடத்தோட நான் மேசையில கிடக்கிறன். நவரத்தினம் ஏதோ ஒண்டைப் போட்டார், செபஸ்தியனும் போட்டார். அழகர்ர கையில ஒரு தாள். அது என்ன தாளெண்டு அவன் முகத்திலயே தெரிஞ்சுபோச்சு.

ஒவ்வொரு நாளும் மேசை உடைய அடிக்கிறவன். அண்டைக்கு அடிக்கேல்லை. ரெண்டு விரலால ஸ்கோப்பன் ஜக்கைப் பிடிச்சு, நித்திரை கொள்ளுற பிள்ளைக்குப் போர்வை போடுற மாதிரி என்ர முகத்துக்கு மேல மெதுவா வைச்சான். வைச்சுப்போட்டுச் சொல்லுறான், மன்னிச்சிக்கங்க ஐயா.

அடிச்சிருந்தானெண்டா நான் பொறுத்திருப்பன், புஷ்பம். உண்மையாச் சொல்லுறன். ஹோலில சிரிச்சவையை நான் பொறுக்கேல்லையோ? வாளியில இருந்துகொண்டு ஒருத்தன் என்னைப் பாத்துப் பாவப்பட்டான் பாரும். பல்கனியில நிண்ட மனுசி கூட உள்ளுக்க போட்டா.

அடுத்த கிழமை கட்டைக் காணேல்லை.

ஓம், அவன்ர அறையிலதான் இருந்தது. வழமையா அவன்தானே எடுத்து வைக்கிறவன். மிதுனாவுக்குச் சரியா அப்பதான் அது தேவைப்பட்டது. சிங்கப்பூரில மேல படிக்க ஒரு ஸ்கொலர்ஷிப், செய்த சாமானை நேர கொண்டுவந்து காட்டட்டாம். ஃபிளட் முழுக்கத் தேடினது. அழகரும் சேர்ந்துதான் தேடினவன், தண்ணி மோட்டருக்குப் பின்னால கூடக் குனிஞ்சு பாத்தவன். பிறகு கொமிட்டி கூடி அவன்ர அறையைப் பாக்கோணும் எண்டு முடிவெடுத்தம். ஆர் சொன்னதோ? ஒருத்தர் சொல்லத்தானே வேணும். நான் சொன்னனான்.

அறையெண்டா, நீரும் பாப்பீர், படிக்குக் கீழ ஒரு கட்டில் போடக் காணும். சுவரில முருகன் படம். அவற்ற பக்கத்தில அழகர், டோர்ச்சோட. ஸ்கோப்பன் ஜக். சோத்துப் பருக்கையால ஒட்டி வைச்சிருந்தான். அந்தத் தாளைக் கழட்டிக் கொமிட்டி ஆக்கள் கைக்குக் கை மாத்திப் பாத்தினம். லைற் வெளிச்சத்துக்குப் பளபளவெண்டு மினுங்கினது. மிச்சத் தாள் எங்கையடா எண்டு நான் கேட்டன்.

அவன் மற்ற ஆக்களைப் பாக்கேல்லை, என்னைத்தான் பாத்தவன். ஐயா, இது மிதுனா பாப்பா குடுத்த தாளுங்க, நான் கட்ட எடுக்கல, நீங்க ஒரு வார்த்த சொன்னா போதுங்க எண்டான்.

என்ன வார்த்தை சொல்லுறது?

செக்கியூரிட்டிக் கொம்பனி சுப்பவைசருக்கு ஃபோன் பண்ணினன். ஆளை மாத்துறன், கமக் நெ மாத்தயா, பரவாயில்லை எண்டான். மாத்தினாக் காணாது, பொலிஸில என்ட்ரி போடோணும் எண்டன். ஏனெண்டா மாத்தினா வேற ஃபிளட்டுக்குப் போய் இருப்பான். என்ட்ரி விழுந்தா ஒரு கொம்பனியும் எடுக்காது. ஐம்பத்தெட்டு வயசில வேற என்ன வேலை தெரியும் அவனுக்கு?

மிதுனா அண்டைக்கு நுகேகொடையில. தாய் ஃபோனில சொல்ல, அவள் அங்கை நிண்டு கத்துறாள், அது ஒட்டிப்போன சாம்பிள் தாள், குப்பையில போடேக்க நான்தான் அவருக்கு எடுத்துக் குடுத்தனான் எண்டு. இரக்கத்தில சொல்லுறாள், எழுதினதை எழுதினபடி விடுங்கோ எண்டு நான் இன்ஸ்பெக்டருக்குச் சொன்னன். தகப்பன் சொன்னா வேற ஆரைக் கேப்பினம். அவள் வந்து சேர, அவன் ஒரு ஷொப்பிங் பையோட காலி றோட்டில பஸ்ஸுக்கு நிண்டவனாம். சீனியம்மா சொன்னவள், பள்ளிக்கூடப் பிள்ளையளைப் பாத்துக் கை காட்டினவனாம். அதுகள் வழமை போலத் திருப்பிக் காட்டினதுகளாம்.

இப்ப எங்கையோ? நவரத்தினம் ஒருநாள் புறக்கோட்டையில கண்டவராம், வெங்காயக் கடைக்கு மூட்டை தள்ளுறானாம். தோட்டத்துக்குப் போகேல்லை. அங்கை பெட்டைக்குக் கலியாணம் பேசிக்கொண்டு இருந்தவை, கள்ளன்ர மகளெண்டு அது நிண்டுபோச்சாம். அது எனக்குத் தெரியாத விசயம், சும்மா காதில விழுந்தது.

ஸ்கொலர்ஷிப்போ? வெறுங்கையோட போய் நிண்டாள், கிடைக்கேல்லை. திருப்பி அடிக்க நாளும் காணாது, அடிக்கவும் மாட்டன் எண்டாள். அந்தக் கட்டு வந்தாத்தான் அவர் எடுக்கேல்லை எண்டு தெரியும், அது வராமப் புதுசு அடிக்க மாட்டன் எண்டு ஒரே பிடிவாதம். அலுமாரி, கட்டிலுக்குக் கீழ, சுவாமி அறை எண்டு மாசக் கணக்காத் தேடினாள். என்ர மேசை லாச்சியைக் கூட ஒருக்காத் திறந்து பாத்தாள், நான் பேப்பர் வாசிச்சுக்கொண்டிருக்கேக்க, என்ர முகத்தைப் பாத்துக்கொண்டு. போன வியாழக்கிழமை தோஹாவுக்குப் போட்டாள். விளம்பரக் கொம்பனி ஒண்டு, நல்ல சம்பளம். தாயோட மட்டும் கதைக்கிறாள். பிள்ளையள் அப்பிடித்தான், போகப் போகச் சரி வரும்.

வேலையோ? வேலை உமக்குத்தான், அதில யோசினை வேண்டாம். மோட்டர் காலமையும் பின்னேரமும் போடோணும். டொக்டர்ர கார் வெளிக்கிடேக்க கேற்றை முழுசாத் திறக்கோணும். மற்றதுகளை சீனியம்மா சொல்லித் தருவாள். அந்தா, நவரத்தினமும் செபஸ்தியனும் இறங்கி வாறினம். செபஸ்தியன் கோப்பையோடதான் வாறார், பாத்தீரோ. அவை ஒண்டும் கேக்க மாட்டினம். விளையாட்டு நிண்டுபோச்சு எண்டதுதான் அவையின்ர கவலை, வேற கவலை அவைக்கு இருந்ததில்லை.

முன்னூத்திநாலு தெரியும் எண்டு தலையாட்டினீர் என்ன? நல்லது. ஒண்டே ஒண்டுதான் சொல்லுவன். தாளைப் போடேக்க ஓங்கி அடியும். ஆர்ர தாளுக்கு மேல எண்டு பாக்காதையும். மெதுவா மட்டும் வைக்கக் கூடாது.

மோட்டருக்குப் பக்கத்தில பெயின்ட் வாளி கிடக்கு, எடுத்துக்கொண்டு வந்து கவிழ்த்துப்போட்டு இரும். கையைத் துடையும் முதல். இந்தாரும், கட்டு. பாத்து, மூலை மடிஞ்சுபோகும், பிள்ளை கையால வெட்டினது. லாச்சியில இல்லை, ஹோலில ராசா படத்துக்குப் பின்னால இருந்தது, அதுதான் ஒரு தூசியும் இல்லை. எண்ணிப் பாரும், முப்பத்திரண்டும் இருக்கோ?

ஓம், அவன்தான் அழகர். டோர்ச்சோட நிக்கிறவன். பாத்துக்கொண்டு இராம குலுக்கும்.